தோட்டா செய்த கூடத்தில் கூத்து

பாரிசு மாநகரின் கிழக்கு எல்லையில் வான்சேன் காடு என்றொரு பரந்த வனப்பூங்கா உள்ளது. ஒருகாலத்தில் பிரெஞ்சு மன்னர்களின் வேட்டைக் காடாக விளங்கியது அது. ஒன்பதாம் லூயி மன்னன் அங்கே ஓக் மரத்தடியில் அமர்ந்து வழக்குகளைக் கேட்டு முறை செய்தான் என்பது வழிவழியாக வழங்கும் கதை. 1860இல் மூன்றாம் நெப்போலியன் அக்காட்டைப் பாரிசு நகர மக்களுக்கெனக் கொடுத்தான். ஆயினும் காட்டின் சில பகுதிகள் படைத்துறையின் பிடியிலேயே இருந்தன. அப்பகுதிகளுள் ஒன்றன் பெயர் 'கார்த்தூஷ்ரி'. தோட்டாத் தொழிற்சாலை என்பது அதன் நேர்ப்பொருள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கு நாடகமே நடந்துவருகிறது. பழைய பெயரை மாற்ற வேண்டுமென்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

அத்தொழிற்சாலை 1874இல் கட்டப்பட்டது. ஆண்டு கருதத்தக்கது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான் பிரான்சு பிரசியாவிடம் தோற்று, அல்சாசு நிலப்பகுதியையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்திருந்தது. தோற்ற நாடு படைக்கலங்களைப் புதுப்பிக்க முனைந்தது. உலோகத் தோட்டாவைப் பயன்படுத்தும் 'கிரா' துப்பாக்கி பிரெஞ்சுப் படையில் ஏற்கப்பட்டதும் அதே 1874இல்தான். செங்கற் சுவர், இரும்புத் தூண், மேலிருந்து ஒளி இறங்கும் கண்ணாடிக் கூரை, தடுப்பின்றி நீளும் கூடம் என அக்காலத் தொழிற்கூடங்களுக்கு உரிய அமைப்பே இதற்கும் வாய்த்தது. அழகுக்காக எவரும் இதைக் கட்டவில்லை. வேலை செய்பவரின் கைக்கு வெளிச்சம் வேண்டும். பொருள் தடங்கலின்றி நகர வேண்டும். இவ்விரண்டே கட்டியோர் எண்ணியவை. முதல் உலகப் போரின்போது பிரான்சின் போர்த்தளவாடத் தொழிற்சாலைகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பணியாற்றினர். கட்டடங்களின் வரலாற்றை எழுதுவோர் சிற்பியின் பெயரையும் ஆட்சியாளரின் பெயரையும் தேடிப் பதிக்கின்றனர். வெடிமருந்தைத் தோட்டாவில் நிறைத்த விரல்களுக்கு உரியவரின் பெயர் எந்தச் சுவரிலும் பொறிக்கப்படுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் படைத்துறைக்கு இவ்விடம் தேவையற்றதாயிற்று. நகராட்சியின் கைக்கு வந்தபோது, இதனை இடிப்பதே நோக்கமாக இருந்தது. அது இடிக்கும் காலம். பாரிசின் நடுவே, பல்தார் என்னும் கட்டடக்கலைஞர் இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பிய புகழ்பெற்ற அங்காடி மண்டபங்களே 1971 முதல் தகர்க்கப்பட்டன. காட்டுக்குள் கிடந்த கைவிடப்பட்ட பட்டறைக்கு இரங்குவார் எவர்? நாடகக்காரர் சிலர் இரங்கினர். பழமையைக் காக்கும் எண்ணத்தால் அவர்கள் இரங்கவில்லை; அவர்களுக்கு ஒத்திகைக்கு இடமில்லை.

அரியான் முனூஷ்கினும் அவருடைய மாணவப் பருவத் தோழர்களும் 1964 மே மாதத்தில் 'தெயாத்ர் துய் சொலேய்' என்னும் குழுவைத் தொடங்கினர். கதிரவன் நாடகக்குழு என அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமாக அது பதிவு செய்யப்பட்டது. இயக்குநருக்கும் நடிகருக்கும் தச்சருக்கும் சமையல் செய்பவருக்கும் ஒரே ஊதியம் என்பது பின்னர் அக்குழுவின் நிலைத்த நெறியாயிற்று. 1967இல் ஆர்னால்டு வெஸ்கரின் 'சமையலறை' நாடகத்தை ஒரு சர்க்கசு அரங்கில் நடித்து அவர்கள் புகழ் பெற்றனர். உணவுவிடுதி ஒன்றன் அடுப்படியில் உழைப்போரைப் பற்றிய நாடகம் அது. 1968 மே மாதப் பெருவேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் கைப்பற்றியிருந்த ரெனோ, சித்ரோயேன் முதலிய ஆலைகளுக்கே அந்நாடகத்தைக் கொண்டுசென்று நடித்தனர். அவ்வாண்டுக் கோடையில் அவர்கள் ஒன்றாகத் தங்கிப் பயின்ற இடம், பதினெட்டாம் நூற்றாண்டில் லெதூ என்னும் கட்டடக்கலைஞர் ஆர்க்-எ-செனானில் அமைத்த அரசு உப்பாலை. ஆலைக்கும் இக்குழுவுக்குமான உறவு வான்சேனுக்கு முன்பே தொடங்கிவிட்டது எனலாம். ஆனால் பாரிசில் அவர்களுக்கென ஒரு கூரை இல்லை. பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய '1789' என்னும் தங்கள் புதிய நாடகத்தை 1970 நவம்பரில் இத்தாலியின் மிலான் நகரில், பிக்கோலோ தெயாத்ரோவின் அழைப்பை ஏற்று, ஒரு கூடைப்பந்து அரங்கில்தான் அரங்கேற்றினர்.

இதற்கிடையே, 1970 கோடையில் தோட்டாத் தொழிற்சாலையின் கதவு அவர்களுக்குத் திறந்தது. பாரிசு நகராட்சி உறுப்பினராயிருந்த ழானின் அலெக்சாந்த்ர்-தெப்ரே அம்மையார் அதற்குத் துணைநின்றார். முதலில் எண்ணியது ஒத்திகை மட்டுமே. மிலானிலிருந்து திரும்பியவர்களை ஏற்கப் பாரிசின் அரங்குகள் முன்வராத நிலையில், ஒத்திகைக் கூடத்தையே நாடகக் கூடமாக்கத் துணிந்தனர். நடிகர்களே குப்பை அள்ளினர், தரையைச் செப்பனிட்டனர், கம்பி இழுத்து விளக்குப் பொருத்தினர். 1970 டிசம்பர் 26ஆம் நாள், கடுங்குளிரில், '1789' அங்கே நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்னர் அந்நாடகத்தைக் கண்டனர். இடிக்க எண்ணியவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுமாறு செய்தது அக்கூட்டமே அன்றி வேறில்லை.

அந்நாடகத்தின் அமைப்பு விரித்துரைக்கத்தக்கது. சந்தையில் கழைக்கூத்தர் இடும் மரமேடையைப் போன்ற மேடைகள் கூடத்தைச் சுற்றிலும் போடப்பட்டன. அவற்றை நடைபாலங்கள் இணைத்தன. நடுவே உள்ள வெற்றுத் தரையில் மக்கள் நின்றனர். ஒரு காட்சி முன்னால் நடக்கும். அடுத்தது முதுகுக்குப் பின்னால் தொடங்கும். மக்கள் திரும்புவர், நகர்வர், ஒருவரையொருவர் நெருக்குவர். பாஸ்தீல் சிறை வீழ்ந்த கதை வரும் இடத்தில் மேடைகள் அனைத்தும் ஒழிந்துவிடும். நடிகர்கள் மக்கள் நடுவே இறங்கி, ஆளுக்கொரு சிறு கூட்டத்தை அருகழைத்து, அன்றைய நிகழ்ச்சியைத் தாம் கண்டதாகத் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்குவர். இங்கொரு முணுமுணுப்பு, அங்கொரு முணுமுணுப்பு. குரல்கள் மெல்ல ஓங்கும், பறையொலி சேரும், கூடம் முழுவதும் ஒரே கதை பல வாய்களால் ஒருசேரச் சொல்லப்படும். சிறை வீழ்ந்தது என்ற சொல் எழுந்ததும் சந்தைத் திருவிழா வெடிக்கும்.

1789 சூலை 14 அன்று பாரிசு மக்கள் பாஸ்தீலை நோக்கிச் சென்றது எதற்காக என்பதை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். அன்று காலையில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை வேறோர் இடத்தில் அவர்கள் கைப்பற்றியிருந்தனர். அவற்றுக்கு மருந்தில்லை. மருந்து பாஸ்தீலில் இருந்தது. வெடிமருந்து தேடிச் சென்ற மக்களின் கதை, வெடிமருந்து அடைத்த ஆலையின் தரையில் நின்ற மக்களுக்குச் சொல்லப்பட்டது. இப்பொருத்தத்தை எவரும் திட்டமிட்டிருக்க முடியாது.

1971இல் அந்நாடகம் இலண்டன் சென்றபோது நடந்த இடமும் ஒரு பழைய தொழிற்கட்டடமே. 'ரவுண்டு ஹவுசு' எனப்படும் அது 1847இல் நீராவி எஞ்சின்களை நிறுத்திப் பழுதுபார்க்க எழுப்பிய வட்டக் கொட்டகை. பின்னர் நெடுங்காலம் மதுக் கிடங்கு. 1964இல் அதைக் கலைக்கூடமாக்கப் பெற்றவர், 'சமையலறை' எழுதிய அதே வெஸ்கர்தான்.

அரங்கு என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை எழும். மூங்கிலில் அளவுகோல் கொண்டு, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என வகுத்து, மூவகை எழினி தொங்கவிட்டு அமைக்கும் அரங்கு அது. அங்குக் கலை முதலில் நிற்கிறது. இடம் அதற்கென அளந்து செய்யப்படுகிறது. வான்சேனில் நிகழ்ந்தது இதன் மறுதலை. இடம் முன்பே நிற்கிறது. நாடகம் அதற்கேற்பத் தன்னை அளந்துகொள்கிறது. மேடை இல்லை, திரை இல்லை, உயர்ந்தோர் அமரும் மாடம் இல்லை. ஒவ்வொரு நாடகத்துக்கும் கூடம் புதிதாகப் பிறந்தாக வேண்டும். 1972இல் நடந்த '1793' நாடகத்தில், பழைய கண்ணாடிக் கூரைக்குப் பின்னால் ஒளிக்குழல்களைப் பொருத்தி, இரவிலும் பகலொளி பரவுவதுபோலச் செய்தனர். உழைப்பவரின் கைக்கென வைத்த கூரை, உரிமை பற்றி வாதிடும் தெருமக்களின் முகத்துக்கு வெளிச்சம் தந்தது. 1975இன் 'பொற்காலம்' நாடகத்துக்குக் கூடத்தின் தரையே மேடும் பள்ளமுமாக மாற்றப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி ஒருவன் புயற்காற்றில் சாரத்திலிருந்து விழுந்து மடியும் காட்சியை, அம்மேட்டுச் சரிவுகளில் அமர்ந்து மக்கள் கண்டனர். படச்சட்டம்போன்ற மேடையில் இது இவ்வாறு நிகழ்ந்திராது.

ஒரு குழு குடியேறியதும் மற்றவை தொடர்ந்தன. பெக்கெட், இயனெஸ்கோ, எமே செசேர் ஆகியோரின் நாடகங்களை முன்னின்று இயக்கிய ழான்-மரி செரோ அங்கே 'புயல்' அரங்கைத் தொடங்கினார், 1973இல் மறைந்தார். 'மரவாள்' அரங்கும், மாணவர் நாடகத்திலிருந்து வளர்ந்த 'மீன்தொட்டி' அரங்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தன. தோட்டா செய்த வளாகம் நாடக ஊராயிற்று.

இது இயல்பாக நடந்ததுபோலத் தோன்றலாம். அதே காட்டில், அதே போலப் படைத்துறைக்குரிய நிலத்தில், 1969 சனவரியில் வான்சேன் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. 1968 எழுச்சியின் பின்விளைவாக எழுந்த அக்கல்விக்கூடத்தில் ஃபூக்கோவும் தெலூசும் கற்பித்தனர். பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லாத தொழிலாளரும் சேர்ந்து பயின்றனர். 1980இல் அது சேன்-தெனி நகருக்கு மாற்றப்பட்டது. அதன் கட்டடங்கள் ஒரே கோடையில் இடித்து அகற்றப்பட்டன. இன்று அவ்விடத்தில் புல்லும் மரமுமே உள்ளன. அரசு திட்டமிட்டுக் கட்டிக்கொடுத்த அறிவுக்கூடம் பன்னிரண்டு ஆண்டும் நிற்கவில்லை. இடிக்க வைத்திருந்த பட்டறை நிற்கிறது. பல்கலைக்கழகத்தை உருவாக்கியவருள் ஒருவரான எலேன் சிக்சூ பின்னாளில் கதிரவன் குழுவுக்கு நாடகம் எழுதலானார். கம்போடியாவின் சிகானூக் மன்னரைப் பற்றி 1985இலும், இந்தியப் பிரிவினையைப் பற்றி 1987இலும் அவர் எழுதிய நாடகங்கள் இக்கூடத்தில்தான் நடந்தன.

இங்குச் செல்பவர் நகரத் தொடர்வண்டியின் முதல் வழித்தடத்தில் கடைசி நிலையமான வான்சேன் கோட்டையில் இறங்குகின்றனர். அங்கிருந்து காட்டுவழி. நாடக நாள்களில் குழுவினர் விடும் சிற்றுந்தும் உண்டு. மரங்களுக்கிடையே வாயில், உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றிப் பழைய பட்டறைகள். நாடகக் கூடத்தின் கதவருகே நின்று நுழைவுச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பவர் பல நாள்களில் முனூஷ்கின் அம்மையாரே. முதற்கூடம் உண்ணும் இடம். அன்றைய நாடகத்தின் நாட்டுக்கேற்ற உணவை நடிகர்களே பரிமாறுவர். சுவர்களில் அந்நாட்டின் ஓவியமோ நிலப்படமோ தீட்டப்பட்டிருக்கும். அடுத்த கூடத்தில், பார்வையாளர் இருக்கைகளுக்குக் கீழே நடிகர்கள் ஒப்பனை செய்துகொண்டிருப்பர். நின்று பார்க்கத் தடையில்லை. பேச்சுக் கொடுப்பதில்லை என்பது வழக்கம். சிற்றூர்க் கூத்தில் ஒப்பனைக் கொட்டகையின் கீற்றை விலக்கிப் பார்க்கும் சிறுவரை அறிந்தோர்க்கு இதில் வியப்பு ஏதும் இராது.

இவற்றையெல்லாம் கண்டு இதனைக் குறையற்ற சமதருமப் பேட்டையெனப் புகழ்வோர் உளர். அது மிகை. ஊதியம் சமமே, அதிகாரமும் சமமாக இருந்தது என்று சொல்ல இயலாது. அறுபது ஆண்டுகளாக ஒருவரே இயக்குநர். தொடக்க காலத் தோழர் பலர் 1970களில் பிரிந்தனர். அவர்களுள் ஒருவரான ழான்-குளோது பான்ஷெனா தனிக்குழு கண்டார். 'பொற்காலம்' நாடகத்தின் சிறந்த நடிகரான ஃபிலிப் கோபேர், விலகிய பின்னர், அக்குழுவில் தாம் வாழ்ந்த வாழ்வையே நகையும் கசப்புமாகத் தனிநடிப்பாக ஆண்டுக்கணக்கில் நடித்தார். அரசோடும் உரசல் இருந்தது. 1973இல் பண்பாட்டு அமைச்சராயிருந்த மொரீசு துருவோன், ஒரு கையில் திருவோடும் மறு கையில் எரிகுண்டும் ஏந்தி அமைச்சக வாயிலுக்கு வருவோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும் எனும் கருத்துப்படப் பேசினார். கருத்துரிமைக்கு இறுதி ஊர்வலம் எடுத்து நாடகக்காரர்கள் விடையளித்தனர். நல்கை கொடுப்பவரின் குரல் எந்த நாட்டிலும் ஒன்றுபோலவே ஒலிக்கிறது.

எனினும், 1996இன் வசந்தத்தில் நிகழ்ந்ததை எந்தக் குறையும் மறைத்துவிடாது. தங்குரிமைத் தாள்கள் இல்லாத ஆப்பிரிக்கக் குடும்பங்கள், ஏறத்தாழ 300 பேர், மார்ச்சு மாதத்தில் பாரிசின் சேன்-அம்புருவாசு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தனர். காவலர் அவர்களை வெளியேற்றினர். அடுத்துப் புகுந்த உடற்பயிற்சிக் கூடத்திலிருந்தும் வெளியேற்றினர். பின்னர் அவர்களுக்குக் கதவு திறந்தது தோட்டாத் தொழிற்சாலை. நாடகக் கூடத்தில் குழந்தைகள் உறங்கினர். இரு வாரம்போல அங்கிருந்த பின் அவர்கள் ஒரு தொடர்வண்டித் துறைக் கிடங்குக்கும், அதன்பின் சேன்-பெர்னார் தேவாலயத்துக்கும் சென்றனர். ஆகத்து 23ஆம் நாள் காவலர் கோடரியால் அத்தேவாலயத்தின் கதவைப் பிளந்து நுழைந்ததை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. நாடக அரங்கொன்றில் ஏதிலியர் வந்து தங்கும் கதையைக் குழு அடுத்த ஆண்டே நாடகமாக்கியது. 'பொற்காலத்தில்' சாரத்திலிருந்து விழுந்த தொழிலாளியை நடிப்பாகக் கண்ட கூடம், இருபது ஆண்டுகளுக்குப் பின் அவனுடைய உறவினரை நேரிலேயே கண்டது எனலாம்.

2015 நவம்பர் 13 அன்று பாரிசில் துப்பாக்கியும் குண்டும் 130 உயிர்களைக் குடித்தன. அவற்றுள் 90 உயிர்கள் பாத்தாக்லான் என்னும் அரங்கில், இசை கேட்க வந்த கூட்டத்தில் பறிபோனவை. அரங்குக்குள்ளேயே தோட்டா பாய்ந்த பின் நாடகம் எதைச் செய்ய முடியும்? இவ்வினாவைச் சுமந்து குழுவினர் புதுச்சேரிக்கு வந்தனர். முன்பு திரையரங்காயிருந்த பழைய கட்டடமொன்றை நாடகக் கூடமாக்கிக்கொண்ட 'இந்தியாநோசுத்ரம்' குழு அங்கே அவர்களுக்குத் துணையாயிற்று. செய்யாற்றை அடுத்த புரிசையின் கூத்து மரபில் வந்த கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான் அவர்களுக்குத் தெருக்கூத்துப் பயிற்றினார். 2016 நவம்பரில் வான்சேனில் அரங்கேறிய 'இந்தியாவில் ஓர் அறை' இவ்வாறு உருவாயிற்று. இயக்குநர் ஓடிப்போய்விட, புதுச்சேரி அறையொன்றில் தவிக்கும் நாடகப் பெண்ணொருத்தியின் கனவுகளே அந்நாடகம். அச்சமும் ஏளனமுமாக விரியும் அக்கனவுகளின் நடுவே, பாஞ்சாலி துகிலுரிப்பும் கர்ணன் கதையும் கூத்தாக வந்து நிற்கின்றன.

1980களில் இக்குழு ஷேக்ஸ்பியரின் நாடகங்களைச் சப்பானிய, இந்தியச் சாயல்களோடு நடித்தபோது, அவை பெரிதும் கற்பனை ஆசியாவாகவே இருந்தன. கண்டு வியந்து மேற்கொண்டவை. இம்முறை ஆசிரியரை நாடி, அடவும் பாட்டும் முறையாகக் கற்றனர். கடன் வாங்குவதற்கும் பாடங்கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. இவ்விடத்தில் நம்மவரும் சற்று நாணுதல் தகும். கற்றோர் குழாம் தெருக்கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கென ஒதுக்கிவைத்திருந்த நாளில், ந. முத்துசாமி போன்ற சிலரே புரிசைக் கூத்தின் அருமையை எழுதியும் பேசியும் நிறுவ வேண்டியிருந்தது. 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறையின் பெயரிலும் பட்டறை என்னும் சொல் அமைந்திருக்கிறது.

அறுவடை முடிந்த வயலிலும் கோயில் முன்றிலிலும் மேடையின்றி ஆடி வந்த கூத்துக்கு, மேடையற்ற அத்தொழிற்கூடம் அயலிடமாக இல்லை. நான்கு பக்கமும் திறந்த வெளியை நிரப்புவதற்கென்றே வளர்ந்த குரல் கூத்தரின் குரல். தொலைவிலிருப்போர்க்கும் தெரியும்படி அகன்ற புசக்கட்டையும் உயர்ந்த கிரீடமும் அதற்கென்றே அமைந்தவை. வான்சேனில் ஆப்கானியரும் பிரெஞ்சுக்காரரும் பிறநாட்டவருமான நடிகர்கள் அவற்றைப் பூண்டு, கால் சுழற்றி, தமிழிலேயே பாடினர். போர்க்களம் புறப்படும் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெற்றான்.

2017 டிசம்பரில் அந்நாடகம் நியூயார்க்கு சென்றது. அங்கு அது நடந்த பார்க்கு அவென்யூ ஆர்மரி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழாம் படைப்பிரிவு தன் வீரர்களின் அணிநடைப் பயிற்சிக்கெனக் கட்டிக்கொண்ட பெருங்கூடம்.